வசந்த் அண்ட் கோ: தவணையில் வளர்ந்த கடையும் அதை நிறுவிய சட்டமன்ற உறுப்பினரும்

தென் மாவட்டங்களில் முதல் கிரைண்டரையோ ஃபிரிட்ஜையோ தவணையில் வாங்கிய பல குடும்பங்களுக்கு, ஹெச். வசந்தகுமாரின் சிரித்த முகம் கடை விளம்பரத்தில் பழகிய பிறகே தேர்தல் சுவரொட்டியில் அறிமுகமானது. ஆகவே அவர் நிறுவிய வீட்டு உபயோகப் பொருள் கடையான வசந்த் அண்ட் கோவின் சேவையைப் பற்றி எழுதும்போது அவரை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்தில் 1950இல் பிறந்த அவர், காங்கிரஸ் தலைவர் குமரி அனந்தனின் தம்பி. வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராகச் சேர்ந்து, தவணை வியாபாரத்தின் நெளிவு சுளிவுகளை அங்கேயே கற்றார். 1978இல், பெரிய முதல் ஏதுமின்றி, பணத்தைப் பிறகு தருவதாகக் கொடுத்த வாக்கின் பேரில் சென்னையில் ஒரு சிறு கடையை எடுத்து நடத்தத் தொடங்கினார். கையில் மொத்தப் பணம் இல்லாதவருக்கும் பொருள் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்ததுதான் இந்தக் கடையின் அடித்தளம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திருநெல்வேலிக் கிளைக்கு அண்மையில் ஃபிரிட்ஜ் வாங்கச் சென்றபோது, விற்பனையாளர் விலையைச் சொல்வதற்கு முன்பாக வீட்டில் எத்தனை பேர், மின்னழுத்தம் ஏறி இறங்குமா, மாடிக்கு ஏற்ற வேண்டுமா என்றெல்லாம் விசாரித்தார். நால்வர் வீட்டுக்கு 250 லிட்டரே தாராளம் என்று சொல்லி, நாங்கள் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்த பெரிய பெட்டியை வேண்டாம் என்றார். பிறகு கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு தாளைச் செருகி மூடி, இழுத்தாலும் அது எளிதில் வராததைக் காட்டினார். வியாபாரம் தெரிந்தவர் பொருளை விற்கும் விதம் இதுதான்.

நாங்குநேரித் தொகுதியில் 2006இல் வென்று, 2011இல் தோற்று, 2016இல் மீண்டும் வென்றவர் வசந்தகுமார். 2014இல் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் பொன். ராதாகிருஷ்ணனிடம் தோற்றாலும், 2019இல் அவரையே தோற்கடித்தார். அந்தத் தேர்தலில் அவர் காட்டிய சொத்து மதிப்பு சுமார் 417 கோடி ரூபாய். மக்களவைக்குச் செல்வதற்காக அவர் சட்டமன்றப் பதவியைத் துறந்ததால் நாங்குநேரி இடைத்தேர்தலைச் சந்தித்தது; காங்கிரஸ் அந்த இடத்தை இழந்தது. ஐந்தாண்டுக்கென்று வாக்களித்தவர்களுக்கு இது நியாயமாகப் படவில்லை என்பதே என் கருத்து. 2020 ஆகஸ்ட் 28 அன்று கொரோனா தொற்றால் அவர் காலமானார். அதனால் வந்த இடைத்தேர்தலில் 2021இல் அவர் மகன் விஜய் வசந்த் வென்றார்.

வீட்டு உபயோகப் பொருள்களைத் தவணையில் வாங்குவோருக்கு, எந்தக் கடையானாலும், ஒன்றைச் சொல்ல வேண்டும். வட்டியில்லாத் தவணை என்றாலும் கடன் தருவது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம்தான். ஆகையால் ஆவணக் கட்டணம், முன்பணம், மாதத் தவணைகள் எல்லாவற்றையும் கூட்டி, ரொக்க விலையோடும் இணைய விலையோடும் ஒப்பிட்ட பிறகே கையெழுத்திட வேண்டும். பொருள் வீட்டுக்கு வந்ததும், கொண்டுவந்தவர் கிளம்புவதற்கு முன் பில்லில் உள்ள வரிசை எண்ணும் பெட்டியின் பின்புறம் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்த்து, வாரண்டி அட்டையில் தேதியோடு கடை முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.