மளிகைக் கடையில் யுபிஐ: பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

யுபிஐ 2016-இல் வந்தது. அந்த நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போய், சில்லறைக்கு அல்லாடிய பிறகுதான் எங்கள் கடையில் க்யூஆர் அட்டை ஏறியது. இன்று பாதிக்கு மேல் வியாபாரம் அதில்தான்.

வந்ததில் உருப்படியான பொருள், பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ். "ஜிபே பண்ணிட்டேன்ணே" என்று காட்டும் பச்சை டிக்கை நான் நம்புவதில்லை. அதே திரையை அச்சு அசலாகக் காட்டும் போலி ஆப்கள் உலவுகின்றன. எஸ்எம்எஸ்ஸையும் போலியாக அனுப்பலாம். பெட்டி பேச வேண்டும், இல்லையென்றால் என் ஆப்பில் வரவு தெரிய வேண்டும். காலையில் கடை திறந்ததும் க்யூஆர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுவேன்.

அப்புறம், "ராணுவ கேம்ப்"பிலிருந்து பேசுவதாக வரும் மோசடி போன். மூட்டைக் கணக்கில் அரிசி ஆர்டர் சொல்வார்கள், முன்பணம் வர அவர்கள் அனுப்பும் க்யூஆரை ஸ்கேன் செய்து யுபிஐ ரகசிய எண்ணை (பின்) போடச் சொல்வார்கள். பணம் வாங்கப் பின் எதற்கு? பின் கேட்டாலே நம் பணம் வெளியே போகிறது என்று கடைப் பையன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தனிநபர்கள் இன்னொருவரிடம் பணம் கேட்டு ஆப்பில் 'கலெக்ட்' கோரிக்கை அனுப்புவதை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபரில் நிறுத்தியது. நல்ல முடிவு, ஆனால் இந்த க்யூஆர் வித்தை அதில் அடங்காது.

எனக்குத் தீராத கோபம் கணக்கு முடக்கத்தில்தான். யாரோ ஏமாற்றிச் சேர்த்த பணத்தில் ஒருவர் என் கடையில் எண்ணெய் வாங்கிப் போயிருக்கிறார். அந்தச் சில நூறு ரூபாய்க்காக என் வங்கிக் கணக்கு மொத்தத்தையும் முடக்கினார்கள். வங்கியில் கேட்டால், வெளிமாநில சைபர் போலீஸிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். மொத்த வியாபாரிக்குச் செக் கொடுத்திருந்த நேரம் அது. சந்தேகத் தொகையை மட்டும் பிடித்து வைத்தால் போதாதா? விற்றவன் என்ன குற்றம் செய்தான்? பில் நகல்களை மெயிலில் அனுப்பி, வாரக்கணக்கில் அலைந்துதான் மீட்டேன். இப்போது க்யூஆருக்குத் தனிக் கணக்கு. இரவே அதிலுள்ளதை வேறு வங்கிக்கு மாற்றிவிடுகிறேன்.

பணம் பறிபோனால் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள், உடனே வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ இல்லாதபோது, மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது. பின்னை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் நஷ்டம்தான்.