கொலுசுப் பட்டறைக் கணக்குக்கு எந்தப் பூட்டு?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன். ஒரே ஒரு எக்செல் ஃபைல்தான். எந்தக் கடைக்கு எவ்வளவு டச் (வெள்ளியின் சுத்தம்), என்ன கூலி, எவ்வளவு சேதாரம், எல்லாம் அதற்குள். அது வெளியே போனால் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்கு.

முதலில் போட்டது ஷீட் ப்ரொடெக்‌ஷன். கூலி, சேதாரக் கட்டங்களை ஹைட் செய்து பாஸ்வேர்டும் போட்டேன். கல்லூரி லீவுக்கு வந்த முதலாளி மகன் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுத்து, காப்பி எடுத்து, புது ஃபைலில் பேஸ்ட் செய்தான். மறைத்ததெல்லாம் பல்லிளித்தது. தவறுதலாகக் கைபட்டு ஃபார்முலா அழியாமல் இருக்க மட்டும் அது போதும்.

கூகுள் ஷீட்ஸில் ஃபைலுக்குப் பாஸ்வேர்டே கிடையாது. யார் பார்க்கலாம் என்று மெயில் ஐடி கொடுத்தோ, லிங்க் கொடுத்தோ அனுமதிக்க வேண்டும். ரெண்டு வாரம்தான் ஓட்டிப் பார்த்தேன், அதனால் அடித்துப் பேச மாட்டேன்.

மிச்சம் ரெண்டு: ஃபைல்களைச் சுருக்கி மூட்டை கட்டும் செவன்-ஜிப் சாஃப்ட்வேரில் பூட்டுவது, ஃபைலைத் திறக்கும்போதே கேட்கிற பாஸ்வேர்டை எக்செல்லிலேயே போடுவது. பலத்தில் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. செவன்-ஜிப்பின் சொந்த ஃபார்மேட்டும் சரி, எக்செல் 2016 முதலும் சரி, 256 பிட் ஏஇஎஸ் என்ற பலமான பூட்டு முறைதான். (பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மேட்டில் சேவ் செய்தால் பூட்டு சோப்ளாங்கி. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகவே வையுங்கள்.)

நான் எக்செல் பக்கம் சாய்ந்தது திறந்த நகலால். என் ஃபைல் தினமும் சாயங்காலம் திறக்கிற ஃபைல். செவன்-ஜிப் என்றால் பிரித்து வெளியே எடுக்கணும், எடையைப் பதியணும், மறுபடி பூட்டணும், வெளியே எடுத்ததை அழிக்கணும். ஒருநாள் வெள்ளி எடை போடும் அவசரத்தில் கடைசி வேலையை மறந்துவிட்டேன். பூட்டில்லாத நகல் மூன்று நாள் டெஸ்க்டாப்பில் கிடந்தது. அழித்த பிறகும் ரீசைக்கிள் பின்னில் உட்கார்ந்திருந்தது! எக்செல் பாஸ்வேர்டில் இந்தத் தலைவலி இல்லை. சேவ் செய்தாலே பூட்டு விழுந்துவிடும். பென் டிரைவில் போனாலும், ஆடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் போனாலும் பூட்டோடுதான் போகும். பாஸ்வேர்டை மட்டும் போனில் வாயால் சொல்கிறேன். ஆனால் பாஸ்வேர்ட் போடுவதற்கு முன்னால் அனுப்பிய பழைய நகல்கள் திறந்தேதான் இருக்கும். அவற்றைத் தேடி அழிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

வருஷத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டி வைக்கிற பழைய கணக்கு, பில் ஸ்கேன் எல்லாவற்றுக்கும் இன்னமும் செவன்-ஜிப்தான்.

எக்செல்லில் பாஸ்வேர்ட் போடும் வழி: ஃபைல், இன்ஃபோ, ப்ரொடெக்ட் வொர்க்புக், என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்ட். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும். மறந்தால் மைக்ரோசாஃப்ட்டாலும் எடுத்துத் தர முடியாது. நான் ஒருநாள் வரவில்லை என்றால் பட்டறை நிற்கக்கூடாதே என்று, பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, கவரில் ஒட்டி, வெள்ளி வைக்கிற பெட்டியில் போடச் சொல்லி முதலாளியிடம் கொடுத்தேன்.

கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இதையும் எடை போட்டுத்தான் உள்ளே வைக்கணுமா?"