முற்பணம் கட்டி டெக்கல் அச்சிடக் கொடுப்போர் கவனத்திற்கு

மூன்று நாட்களுக்கு முன் மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். உயர்தரம் படிப்பவர், பிளாஸ்ரிக் தகட்டை வெட்டி ஒட்டி இ.போ.ச. பேருந்து ஒன்றின் மாதிரியை 1/43 அளவில் தானாகவே செய்துகொண்டிருக்கிறார். அதன் சிவப்பு உடலில் ஒட்டுவதற்கென வெள்ளை எழுத்துகள் கொண்ட டெக்கல் தாளொன்றை, அதாவது தண்ணீரில் நனைத்து மாதிரிகளில் ஒட்டும் அச்சுச் சின்னத் தாளொன்றை, 3,500 ரூபா முற்பணம் கட்டி எடுப்பித்ததாகவும், தண்ணீரில் இட்ட மறுகணமே நிறம் கரைந்து ஓடிவிட்டதாகவும் சொன்னார். பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று கேட்டேன். அவர் சொன்ன கணக்கு இலக்கம் என்னுடைய வங்கிச் சீட்டிலும் இருக்கிறது. இவ்வருடம் பெப்ரவரியிலிருந்து ஜூன் வரை என்னை இழுத்தடித்த அதே ஆள்தான். நான் அப்போதே எழுதியிருந்தால் அந்தப் பிள்ளையின் பணமாவது தப்பியிருக்கும் என்ற உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன். விற்பவரின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. எனக்குத் தெரியவே அவர் தன் கடைப் பெயரை இரண்டு தடவை மாற்றிவிட்டார். ஆகவே பெயரைவிட அவர் அனுப்பும் தாளை அடையாளம் காணத் தெரிந்திருப்பதே வன்னியிலிருந்து பொருள் எடுப்பிக்கும் நமக்கு உதவும்.

நான் கட்டிக்கொண்டிருந்தது, பிளாஸ்ரிக் மாதிரிகள் தயாரிக்கும் எயார்ஃபிக்ஸ் 2021 இல் வெளியிட்ட 1/72 அளவு பிரிஸ்டல் போஃபோட் மாதிரி. இரண்டு எஞ்சின்களும் நான்கு பேர் கொண்ட பணிக்குழுவும் உடைய, டோர்பிடோ ஏந்திச் செல்லும் பிரித்தானிய விமானம் அது. அதை நான் தேர்ந்தெடுத்ததற்கு வீட்டுக் காரணம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வவுனியாவில் விமானத்தளம் அமைத்தபோது காடு வெட்டப் போன கூலியாட்களில் என் அம்மப்பாவும் ஒருவர். 1942 இல் இலங்கைக்கு வந்த பிரித்தானிய வான்படையின் 22 ஆம் படையணி பின்னர் தன் போஃபோட்களுடன் அந்தத் தளத்தில் நிலைகொண்டிருந்தது. அந்த விமானங்களைப் பற்றி அம்மப்பா சாகும்வரை கதைத்தார். அவற்றின் இறக்கையிலிருந்த அடையாள வட்டத்தில் சிவப்பே இருக்கவில்லை என்று அவர் சொல்வதைச் சிறு வயதில் நான் நம்பியதில்லை. படங்களில் நான் பார்த்த பிரித்தானிய விமானங்கள் எல்லாவற்றிலும் நடுவே சிவப்புப் பொட்டு இருந்தது. பிற்பாடு வாசித்தபோதுதான் அவர் சொன்னது சரியென்று விளங்கியது. ஜப்பானிய விமானங்களின் செவ்வட்டம் என்று எண்ணித் தம்மவரே தம்மவரைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, தென்கிழக்காசியக் கட்டளைப் பகுதியில் பறந்த விமானங்களில் சிவப்பை நீக்கிவிட்டு, கருநீல வளையத்துக்குள் வெளிர்நீலப் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

பெட்டிக்குள் வந்த டெக்கல்கள் சிவப்புப் பொட்டு உடையவை. எனக்கு வேண்டிய இருநீல வட்டங்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் தபால் செலவே தாளின் விலையைத் தாண்டும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இத்தகைய பொருள் விற்கும் கடை கிடையாது. அந்த நேரத்தில்தான், எந்தச் சின்னத்தையும் கேட்ட அளவில், வெள்ளை அடித்தளத்துடன், தொழில்முறைத் தரத்தில் அச்சிட்டுத் தருவதாக இந்த ஆள் விளம்பரம் செய்திருந்தார். ஆறு வட்டங்கள், இரண்டு தொகுதி இலக்கங்கள், எழுத்துகள் எல்லாம் சேர்த்து 4,800 ரூபா என்றார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே தனிப்பட்ட கணக்கொன்றில் இடச் சொன்னார். வங்கிக் குறிப்பில் ‘கைமாற்று’ என்று எழுதும்படி கேட்டபோது, வரிக்குப் பயந்து சொல்கிறார் என்று நினைத்து அப்படியே எழுதிவிட்டேன். அது என்ன செலவு வைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். பணம் போனது பெப்ரவரி 6 ஆம் திகதி. தாள் வந்து சேர்ந்தது ஏப்ரல் நடுப்பகுதியில்.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். டெக்கல் என்பது நான்கு அடுக்குகள்: அடியில் தடித்த தாள், அதன் மேல் தண்ணீரில் இளகும் பசை, பசையின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய படலம், படலத்தின் மேல் அச்சு. வெட்டிய துண்டைப் பதினைந்து, இருபது வினாடி தண்ணீரில் நனைத்து, ரிஷூ மேல் ஒரு நிமிடம் வைத்தால் பசை இளகிப் படலம் தாளிலிருந்து வழுக்கத் தொடங்கும். அப்போது ஈரத் தூரிகையால் தள்ளி மாதிரியின் மேல் இறக்க வேண்டும். இறக்கும் மேற்பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கலான பூச்சின் கரடுமுரட்டில் காற்று சிக்கிக்கொண்டால், காய்ந்த பின் படலத்தின் கீழே வெள்ளி பூத்தது போலத் தெரியும். இதற்காகவே நான் கருஞ்சாம்பல் பூச்சின் மேல் டாமியா எக்ஸ்-22 பளபளப்பு வார்னிஷை மூன்று மெல்லிய தடவைகளாக அடித்து, நான்கு நாள் காயவிட்டிருந்தேன். தண்ணீர் விஷயத்திலும் நான் கவனமானவன். நம்முடைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது. கேத்திலின் அடியில் படியும் அதே வெண்படிவு, டெக்கல் காய்ந்ததும் அதன் ஓரத்தில் வளையமாகத் தங்கிவிடும். அதனால் எப்போதும் பற்றறிக்கு ஊற்றும் வடிநீரைத்தான் பாவிக்கிறேன்.

முதல் வட்டத்தை வெட்டி வெள்ளைப் பீரிஸில் இருந்த வடிநீரில் இட்டேன். பத்து வினாடியில் துண்டைச் சுற்றித் தண்ணீர் இலேசாக நீலம் பாரித்தது. அப்போதே எடுத்திருக்க வேண்டும். பசை கரைவதால் வரும் மங்கல் என்று எண்ணிக்கொண்டு, இடது இறக்கையில் டெக்கல் நன்றாக ஒட்ட உதவும் மைக்ரோ செட் திரவம் ஒரு துளி தடவி, வட்டத்தை அதன் மேல் வழுக்கி இறக்கினேன். தூரிகையின் நுனியால் கீழிருந்த தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளியபோது, தண்ணீரோடு வளையத்தின் கருநீலமும் சேர்ந்து வந்தது. முதலில் வளையத்தின் விளிம்பு ஊதாவாகக் கசிந்தது. பிறகு நூல் நூலாகப் பிரிந்து, இறக்கையில் நான் மை ஊட்டி வைத்திருந்த தகட்டுக் கோடுகளின் வழியே ஓடி, விளிம்பில் சொட்டாக நின்றது. பஞ்சுக்குச்சியால் ஒற்றினேன், பஞ்சு நீலமாகியது. ஒரு நிமிடத்துக்குள் இறக்கையில் எஞ்சியது சாயம் போன ஒரு வட்டப் படலமும், அதைச் சுற்றி ஐந்து சதம மீற்றர் அகலத்துக்குக் கறையும்தான். படலத்தைச் செலோ ரேப் ஒட்டி உரித்தெடுத்தேன். கறை வார்னிஷுக்குள் இறங்கிவிட்டிருந்தது. 2000 இலக்க மண்தாளால் ஈரத்தோடு தேய்த்து, அந்த இறக்கையை அடிப்பூச்சிலிருந்து மறுபடி பூசவேண்டியதாயிற்று. இரண்டு வாரத்து மாலை வேலை அதில் போயிற்று.

நடந்தது இதுதான். சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்ட டெக்கல் தாளின் மேல், மை காய்ந்த பிறகு தெளிவான லக்கரை இரண்டு மூன்று தடவை மெல்லியதாக அடித்து மூட வேண்டும். அந்த மை தண்ணீரில் கரைவது. மூடாவிட்டால் நனைத்த உடனேயே போய்விடும். இந்த ஆள் மூடாத தாளை அனுப்பியிருந்தார்.

படங்களோடு எழுதிக் கேட்டேன். நான்கு நாளுக்குப் பிறகு குரல் பதிவொன்று வந்தது. “அண்ணை, உங்கட கிளிநொச்சித் தண்ணி சவர்த் தண்ணி. எங்கட தாளில பிழையில்லை. கொழும்பில ஒருத்தரும் முறைப்பாடு சொல்லேல்லை.” வடிநீர்ப் போத்தலின் படத்தை அனுப்பினேன். அதற்கு, “அப்ப நீங்கள் கிளியர் அடிக்காமல் போட்டிட்டியள் போல. அது வாங்கிற ஆக்கள் அடிக்கிறதுதானே” என்றார். மூட வேண்டும் என்ற குறிப்பு தாளிலும் இல்லை, உறையிலும் இல்லை, விளம்பரத்திலும் இல்லை. விளம்பரத்தில் இருந்தது ‘உடனே பாவிக்கலாம்’ என்ற வாசகம். இதைச் சுட்டிக்காட்டியதும், வேறு தாள் அனுப்புவதாகவும் ஒரு மாதம் பொறுக்கும்படியும் கேட்டார். பொறுத்தேன்.

ஜூன் தொடக்கத்தில் இரண்டாவது தாள் வந்தது. இம்முறை நான் மாதிரியைத் தொடவில்லை. பிளாஸ்ரிக் கரண்டி ஒன்றுக்கு அதே கருஞ்சாம்பலும் வார்னிஷும் அடித்து, அதன் முதுகில் ஒட்டிப் பார்த்தேன். மை கரையவில்லை. ஆனால் கரண்டியில் இறங்கியதும் வெளிர்நீலப் பொட்டைக் காணவில்லை. கருநீல வளையம் சாம்பலோடு கலந்து கரியாகத் தெரிந்தது. வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும் சாதாரண பிரிண்டர்களில் வெள்ளை மை இல்லை. தாளின் வெள்ளைதான் நமக்கு வெளிர் நிறமாகத் தெரிகிறது. தெளிவான படலத்தில் அச்சிட்டுக் கடும் நிறத்தின் மேல் ஒட்டினால், அந்த வெள்ளைக்குப் பதிலாக அடியிலிருக்கும் பூச்சே தெரியும். கார்ட்டோகிராஃப் போன்ற அச்சகங்கள் பட்டுத்திரையில் முதலில் வெள்ளையை இட்டு, அதன் மேல் ஒவ்வொரு நிறமாக அச்சிடுவதால்தான் அவர்களின் சின்னங்கள் கறுப்பின் மேலும் அழுத்தமாக நிற்கின்றன. ‘வெள்ளை அடித்தளத்துடன்’ என்று எழுதிப் பணம் வாங்கியவரிடம் வெள்ளையை அச்சிடும் வசதியே கிடையாது. போதாக்குறைக்கு, இரண்டாவது தாளில் லக்கரை அப்பி அடித்திருந்ததால் படலம் தடித்து, படலத்தை இளக்கும் மைக்ரோ சோல் திரவத்தை இரண்டு தடவை இட்டும் கரண்டியின் வளைவில் படியாமல் வெடித்தது. விமானத்தின் தொடரிலக்கங்களும் சரியாக இல்லை. பிரித்தானிய வான்படையின் தொடரிலக்க எழுத்துகள் எட்டு அங்குல உயரம். 1/72 இல் அது 2.8 மில்லிமீற்றர். அந்த அளவில் எட்டும் ஆறும் பிரித்தறிய முடியாத புள்ளிக் கூட்டமாக இருந்தன.

மாங்குளத்துத் தம்பிக்கு வெள்ளை எழுத்து விற்கப்பட்டதும் இதே வகையில்தான். வெள்ளை நிறத் தாளில் எழுத்தை விட்டுவிட்டு, சுற்றிவர சிவப்பை அச்சிட்டு அனுப்பியிருக்கிறார்கள். கரையாமல் இருந்திருந்தாலும், அந்தச் சிவப்பு பேருந்தின் சிவப்போடு பொருந்தியிருக்காது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு நான் அழைத்தது அதன் பிறகுதான். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். பெப்ரவரி 6 இலிருந்து எண்ணினால் மே மாதத்திலேயே என் காலம் முடிந்துவிட்டது. ‘ஒரு மாதம் பொறுங்கோ’ என்பதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதைவிட மோசம், என் கையிலிருந்த ஒரே ஆவணமான வங்கிச் சீட்டில், என் எழுத்திலேயே ‘கைமாற்று’ என்று இருந்தது. பொருள் வாங்கியதற்குச் சாட்சி இல்லை.

மாங்குளத்துத் தம்பி பணம் கட்டி ஐந்து வாரம்தான் ஆகிறது. அவரிடம் விளம்பரத்தின் படம், உரையாடல், கரைந்த தாள், கூரியர் உறை எல்லாம் இருக்கின்றன. குறிப்பில் ‘டெக்கல்’ என்றே எழுதியிருக்கிறார். நேற்று அவருடைய முறைப்பாட்டை இருவருமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். இதேபோல் ஏமாந்து இன்னும் மூன்று மாதம் கடக்காதவர்கள் இருந்தால், மாற்றுத் தாள் வரட்டும் என்று காத்திராமல் முறைப்பாட்டை முதலில் அனுப்பிவிடுங்கள்; மாற்றுத் தாள் நல்லதாக வந்தால் பிறகு முறைப்பாட்டை மீளப் பெறலாம்.

தாள் கையில் கிடைத்ததும் நனைக்கும் முன்பே பார்க்கக்கூடியவை உண்டு. தாளைச் சரித்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். அச்சகத்துத் தாளில் பெரும்பாலும் ஒவ்வொரு சின்னத்தைச் சுற்றியும் மட்டுமே படலத்தின் பளபளப்பு இருக்கும். வீட்டில் அச்சிட்டதில் தாள் முழுவதும் ஒரே பளபளப்பாக இருக்கும். வீட்டில் அச்சிட்டது என்பதாலேயே அது கூடாதது என்று நான் சொல்லவில்லை. கவனமாக மூடி, வெளிர் நிறத்தின் மேல் ஒட்டினால் அதுவும் அழகாக வரும். அதைத் தொழில்முறை அச்சு என்று சொல்லி விற்பதே மோசடி. வேண்டாத எழுத்தொன்றின் மேல் ஈரப் பஞ்சுக்குச்சியை ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் மூடவில்லை என்று பொருள். இங்கே கார்த்திகை, மார்கழி மழையில் லக்கர் அடித்தால் ஈரக் காற்றில் அது பால்போல் வெளிறும் என்பதால், மூடுகிற வேலையை வெயில் நாளுக்குத் தள்ளி வையுங்கள். முற்பணம் கேட்பவரிடம், உங்களுக்குரிய சின்னத்தையே கறுப்புக் கரண்டியில் ஒட்டி, தண்ணீரில் இடுவதிலிருந்து காய்வது வரை வெட்டாத காணொளியாக அனுப்பக் கேளுங்கள். உண்மையில் அச்சிடத் தெரிந்தவருக்கு அது அரை மணி நேர வேலை. நான் கேட்டபோது இந்த ஆள் வேறொருவர் செய்த மாதிரியின் படத்தை அனுப்பினார். நான் அதில் மயங்கினேன்.

என் போஃபோட்டுக்கு இப்போது டெக்கல் தேடவில்லை. கவராயத்தில் வெட்டலகு பொருத்தி, மறைப்பு ரேப்பில் வட்டங்களை வெட்டி, பூச்சாகவே அடிக்கிறேன். கருநீலத்தில் வெள்ளையைக் கலந்து வெளிர்நீலத்தை எடுத்தேன். மூன்றாவது கலவையில்தான் நிறம் சரியாக வந்தது. இடது இறக்கை முடிந்துவிட்டது. வலது இறக்கையின் ரேப்பை இன்று மாலை உரிக்க வேண்டும்.