பழைய ஃபிட்டிங்கில் எல்.இ.டி. டியூப்பா, புதிய எல்.இ.டி. பேனலா?

சென்னையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அலுவலகத்தில் 36 வாட் டியூப்லைட்டுகளை மாற்ற முடிவெடுத்தபோது இரண்டு வழிகள் இருந்தன. ஃபிட்டிங்கை அப்படியே வைத்துக்கொண்டு நான்கடி எல்.இ.டி. டியூப் பொருத்துவது ஒன்று. ஃபால்ஸ் சீலிங்கில் இரண்டுக்கு இரண்டடி எல்.இ.டி. பேனல் பதிப்பது மற்றொன்று. நாங்கள் டியூப்பைத் தேர்ந்தெடுத்தோம். வாடகைக் கட்டடத்தில் இருப்போருக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

மின்சாரச் சேமிப்பில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. பழைய சோக்கும் சேர்ந்து ஏறக்குறைய 48 வாட் இழுத்த இடத்தில் 20 வாட் டியூப் எரிந்தால், நாளுக்குப் பத்து மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்ற கணக்கில், விளக்கு ஒன்றுக்கு 84 யூனிட் மிச்சமாகும். இரண்டு டியூப்புகளுக்கு ஈடாக வைக்கும் 36 வாட் பேனலும், பழைய டியூப் ஒன்றுக்கு என்று பிரித்துப் பார்த்தால், கிட்டத்தட்ட இதே அளவுதான் மிச்சப்படுத்தும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. எல்.இ.டி. விளக்குகளில் பெரும்பாலும் முதலில் கெடுவது, வரும் மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித்தரும் டிரைவர்தான். அதிலுள்ள கெப்பாசிட்டர் வெப்பத்தில் மெல்ல மெல்ல வறண்டுபோகிறது. பேனலுக்கு டிரைவர் தனியாக இருப்பதால் அதை மட்டும் மாற்றலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புதிய டிரைவரின் மில்லிஆம்பியரும் வோல்ட் அளவும் அந்தப் பேனலுக்குப் பொருந்த வேண்டும். பொருந்துவது கிடைக்காமல் பேனலையே மாற்ற நேர்ந்து, பழைய மாடலும் கடைகளில் நின்றுபோயிருந்தால், கூடத்தில் அந்த ஒன்று மட்டும் வேறு வெண்மையில் துருத்திக்கொண்டு தெரியும். நான்கடி டியூப்பில் டிரைவர் உள்ளேயே இருப்பதால், கெட்டால் முழு டியூப்பையும் மாற்றத்தான் வேண்டும். ஆயினும் எந்த நிறுவனத்தின் டியூப்பும் அதே ஹோல்டரில் உட்காரும், தெருமுனை எலக்ட்ரிகல் கடையிலேயே கிடைக்கும், ஓர் ஏணியும் சில நிமிடங்களும் போதும்.

கவனம் வேண்டியது வயரிங்கில். சோக்கையும் ஸ்டார்ட்டரையும் நீக்கி நேரடியாக இணைக்கும்போது, சில டியூப்புகளுக்கு பேஸும் நியூட்ரலும் ஒரே முனையில் வர வேண்டும், வேறு சிலவற்றுக்கு முனைக்கு ஒன்றாக வர வேண்டும். வகை மாற்றிச் செருகினால் ஷார்ட் சர்க்யூட் ஆகக்கூடும். அதனால் எங்கள் எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு ஃபிட்டிங்கின் உள்ளேயும் ‘சோக் இல்லை, ஒரு முனை’ என்று மார்க்கரால் எழுதிவைத்தார். அவர் செய்த வேலையிலேயே மிகப் பயனுள்ளது அதுதான் என்பேன்.

சொந்தக் கட்டடத்தில் புதிதாகச் சீலிங் போடுவோருக்குப் பேனலே மேல். பரவலான அதன் ஒளி கணினித் திரையில் குறைவாகவே பிரதிபலிக்கும். எந்த வழியில் சென்றாலும், கழற்றிய டியூப்லைட்டுகளில் பாதரசம் இருப்பதால் அவற்றை உடைக்காமல் அட்டைப்பெட்டியில் அடுக்கி, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.