துளையிட்ட ஆறடி மீன் தொட்டிக்கு வாங்கிய குழாய் இணைப்புகள்: எட்டு மாதங்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள என் தொட்டி விளிம்பு வரை நிரம்பினால் ஏறத்தாழ 680 லிட்டர் பிடிக்கும். பின்பக்கக் கண்ணாடியில் மேல்விளிம்பை ஒட்டி மூன்று துளைகள் இருக்கின்றன: இரண்டு நீர் இறங்குவதற்கு, ஒன்று சம்ப்பிலிருந்து (மீன் தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டி) பம்ப் ஏற்றும் நீர் திரும்பி வருவதற்கு. வண்ணமீன் வணிகத்துக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரில் தொட்டியும் பம்ப்பும் ஒரே நாளில் கிடைத்துவிட்டன. இணைப்புச் சாமான்களைத்தான் பாதி ஹார்டுவேர் கடையிலும் பாதி இணையத்திலுமாக வாங்க நேர்ந்தது. அவற்றில் சிலவற்றைப் பிறகு கழற்றியும் போட்டேன்.

முதல் சிக்கல் அளவில்தான் தொடங்கியது. கடையில் "ஒரு இன்ச்" என்று கேட்டால் கிடைக்கக்கூடியது மூன்று வெவ்வேறு குழாய்களில் ஒன்று. வீட்டுக் குடிநீர் வேலைக்கு விற்கப்படும் வெள்ளை யூபிவிசி குழாயின் வெளிவிட்டம் 33.4 மிமீ, வெந்நீருக்கு உகந்த சிபிவிசி குழாயின் வெளிவிட்டம் 28.6 மிமீ, தோட்டத்துக்கும் வயலுக்கும் போகும் பிவிசி குழாய் 32 மிமீ. மீன் தொட்டிக்கென்றே இணையத்தில் விற்கப்படும் வண்ண இணைப்புகள் பெரும்பாலும் கடைசி வகையைச் சேர்ந்தவை. அழகில் மயங்கி நான் வாங்கிய சாம்பல் நிற எல்போக்கள் (குழாயை வளைத்துத் திருப்பும் மூலை இணைப்புகள்) ஆறும் வெள்ளைக் குழாயின் நுனியில் ஏற மறுத்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்றார் உதவிக்கு வந்த பிளம்பர். ஒன்றரை மில்லிமீட்டரைக் கையால் சீராகத் தேய்த்து எடுக்க முடியாது, தேய்த்தாலும் அந்த மூட்டை நம்பித் தூங்க முடியாது. ஆறையும் ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றையும் வெள்ளை யூபிவிசியிலேயே வாங்கினேன். ஆஷிர்வாத், அஸ்ட்ரல், சுப்ரீம், பினோலெக்ஸ் என்று எந்தப் பெயரில் எடுத்தாலும் இந்த அளவு முறையில் பொருந்திக்கொள்கிறது என்பதே இதன் பெரிய அனுகூலம். சிபிவிசியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அறை வெப்பத்தில் ஓடும் நீருக்கு அதன் வெப்பத் தாங்குதிறன் வீண், உள்விட்டமும் குறைவு.

இனி, துளையில் பொருந்திக் குழாயைத் தொட்டியோடு சேர்க்கும் டேங்க் கனெக்டர். கண்ணாடியை நேரடியாகத் தொடும் ஒரே இணைப்பு இதுதான் என்பதால் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மாடித் தொட்டிகளுக்கு விற்கப்படும் மலிவான கனெக்டர் ஒன்றை முதலில் பொருத்தினேன். கீழே விரித்து வைத்திருந்த செய்தித்தாளில் மறுநாள் காலை ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஈரம். நட்டை இன்னும் இறுக்கியபோது ஈரம் கூடியது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது: வாஷர் உட்காரும் விளிம்பில், அச்சு வார்த்தபோது விழுந்த பிசிறு ஒன்று மயிரிழை போல ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் தொட்டியின் சுவர் சற்று நெகிழ்ந்து கொடுப்பதால் அங்கே இது தெரியாமல் போகலாம், கண்ணாடி நெகிழாது. பிறகு வாங்கிய கனமான கனெக்டரில் விளிம்பு அகலமாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது, வாஷரும் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து உடனே மீளும் மென்மையான ரப்பர். வாஷர் தொட்டியின் உட்புறம், விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே உட்கார வேண்டும், நட்டு வெளியே. கையால் இறுக்கியபின் கால் சுற்று போதும். நீரை அடைப்பது மரை அல்ல, வாஷர்தான் என்பதால் அந்த மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதில் பயனில்லை.

துளையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கனெக்டரைக் கையில் வாங்கி, அதன் மரைப் பகுதியை வெர்னியரால் அளந்த பிறகே கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும், ஏனெனில் ஒரே "ஒரு இன்ச்" கனெக்டருக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வெளி அளவு மாறுகிறது. துளைக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையே குறைந்தது துளையின் விட்ட அளவுக்காவது இடம் விட்டேன். டஃபன்டு கண்ணாடியாக (சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து உறுதியாக்கியது) இருந்தால் துளை என்ற பேச்சே கிடையாது; வைர முனை பட்டதும் முழுப் பலகையும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

வால்வுகளில் என் எண்ணம் பாதியில் மாறியது. இறங்கு குழாய் இரண்டில் ஒன்று காற்றில்லாமல் முழுக்க நீர் நிறைந்து ஓடுகிறது. மற்றொன்று அடைப்பு ஏற்பட்டால் மட்டும் நீரை வாங்கிக்கொள்ளும் காவல் குழாய். முதல் குழாயில் ஓட்டத்தை மிக நுட்பமாகக் கட்டுப்படுத்தினால்தான் தொட்டி சத்தமின்றி இயங்கும். அங்கே, கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாலே முழுக்கத் திறந்து மூடும் பால் வால்வு (ball valve) போட்டிருந்தேன். கைப்பிடியை ஒரு நூல் அசைத்தாலே, சரியான புள்ளியைத் தாண்டி, ஒன்று காற்றை உறிஞ்சிக் கொர் கொர்ரென்றது, அல்லது காவல் குழாயில் நீர் வழிந்தது. பல சுற்றுகள் சுற்றித் திறக்கும் பிளாஸ்டிக் கேட் வால்வுக்கு மாற்றியபின் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்கிறது. விலை பால் வால்வைப் போல் பல மடங்கு. இந்தப் பட்டியலில் கூசாமல் செலவழிக்கத் தகுந்தது இது ஒன்றே என்பேன். பித்தளை கேட் வால்வு மலிவாகக் கிடைக்கிறது என்று அந்தப் பக்கம் போக வேண்டாம், அதிலிருந்து கசியும் செம்பு இறாலையும் நத்தையையும் கொல்லும்.

குழாயை வெட்டாமல் கழற்றி மாட்ட உதவும் யூனியன்களைப் பற்றிக் குறை ஏதும் இல்லை. பம்ப்புக்கு மேலே ஒன்றும் ஒவ்வொரு வால்வுக்குக் கீழே ஒன்றுமாக மூன்று வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைத் தொலைக்காமல் இருந்தால் போதும்.

ஏமாற்றம் தந்தது நான்-ரிட்டர்ன் வால்வு. மின்சாரம் நின்றால் ஏற்றுக் குழாய் வழியே நீர் சம்ப்புக்குத் திரும்பாமல் தடுக்க வேண்டிய அது, ஐந்தாம் மாதம் பாசித் துணுக்கு ஒன்று சிக்கியதும் முழுதாக மூட மறந்துவிட்டது. என் தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 11 லிட்டர் கீழே வருகிறது என்பதால், குழாய் வாய் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் சம்ப் 110 லிட்டரை வாங்கித் தீர வேண்டும். இப்போது அந்த வால்வை எடுத்துவிட்டு, குழாய் வாயை மேலே உயர்த்தி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயிலேயே ஒரு சிறு துளையும் போட்டிருக்கிறேன். மட்டம் இறங்கியதும் அதன் வழியே காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடுகிறது. துளையில் பாசி அடைக்கும். ஞாயிறுதோறும் ஒரு பல்குச்சியை விட்டுக் குத்திவிடுகிறேன்.