கரண்ட் வைக்காத பிசியோதெரபி: சுளுக்கிய கணுக்காலோடு ஏழு வாரம்

ஷட்டில் ஆடும்போது வலையருகே விழுந்த பந்தை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்கையில் வலது பாதம் உட்பக்கமாக மடங்கி, கணுக்கால் பிசகிவிட்டது. அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் கணுக்கால் எலும்புப் புடைப்பின் பின்விளிம்பில் கடைசி 6 சென்டிமீட்டரை இருபுறமும் விரலால் அழுத்தினார். பாதத்தின் நடுப்பகுதியையும் சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் அடியையும் தொட்டுப் பார்த்துவிட்டு, நான்கு அடி நடக்கச் சொன்னார். தத்தித் தத்தி நடந்தேன். எலும்பில் வலி இல்லாமலும் நான்கு அடி வைக்க முடிந்தும் இருந்தால் எக்ஸ்ரே வேண்டியதில்லை என்பது 1992-இல் கனடாவின் ஒட்டாவாவில் வகுக்கப்பட்ட விதி என்று விளக்கி, வெளிப்பக்கத் தசைநார் ஓரளவு கிழிந்திருக்கும் என்றும் பிசியோதெரபி அவசியம் என்றும் எழுதிக் கொடுத்தார்.

அதன்பின் நான் இரண்டு மையங்களுக்குப் போனேன். இரண்டும் சென்னையில் ஒரே வட்டாரத்தில் இருப்பதாலும், ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதும் தெரிந்துவிடும் என்பதாலும் பெயர்களைத் தவிர்க்கிறேன். முதல் மையத்தில் பத்து நாட்கள், நாளொன்றுக்கு 500 ரூபாய். படுக்கையில் படுத்தவுடன் பட்டைகளை ஒட்டிப் பதினைந்து நிமிடம் ‘கரண்ட்’ வைப்பார்கள், பிறகு களிம்பு தடவி அல்ட்ராசவுண்ட் கருவியை ஐந்து நிமிடம் உருட்டுவார்கள், அவ்வளவுதான். படுக்கைகளுக்கு நடுவே திரை மட்டுமே இருந்ததால், முட்டிவலிக்கு வந்த பெரியவருக்கும் கழுத்துவலிக்கு வந்த இளைஞருக்கும் அதே இரண்டு கருவிகள்தான் என்பது எனக்குத் தெரிந்தது. வீக்கம் வடிந்தது உண்மைதான். ஆனால் என் மாமியார் போட்ட புளி உப்புப் பற்றுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டா, அல்லது பத்து நாளில் தானாகவே வடிந்திருக்குமா என்று யாரால் சொல்ல முடியும்? கணுக்கால் சுளுக்கில் அல்ட்ராசவுண்டால் பெரிய பயன் இல்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன என்பதைப் பணம் கட்டி முடித்த பிறகுதான் படித்தேன்.

நான் இங்கே பரிந்துரைப்பது இரண்டாவது மையத்தை. முதல் நாள் ஐம்பது நிமிடமும் அளவெடுப்பதிலேயே கழிந்தது. குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடச் சொல்லி, பெருவிரல் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளியிருக்க முடிகிறது என்று டேப் பிடித்துப் பார்த்தார்கள். இடது காலில் 11 சென்டிமீட்டர், வலது காலில் 4. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னபோது இடது கால் 25 முறை தாங்கியது, வலது கால் ஒன்பதாவதிலேயே நடுங்கத் தொடங்கியது. கண்ணை மூடி வலது காலில் நின்றபோது நான்கு நொடிகளில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இந்த எண்களையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி என்னிடமே கொடுத்தார்கள். அந்த அட்டைதான் இந்த மையத்தின் சிறப்பு என்பேன்.

‘கரண்ட் இல்லையா?’ என்று நானே கேட்டுவிட்டேன். சிகிச்சையாளர் சிரித்துக்கொண்டே, தசைநார் மூட்டைக் கட்டும் கயிறு மட்டுமல்ல, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குத் தகவல் அனுப்புவதும் அதுதான் என்று விளக்கினார். அது கிழியும்போது அந்தத் தகவலும் தடைப்படுவதால், அடுத்த முறை பாதம் மடங்கும்போது காலின் வெளிப்புறத் தசைகள் தாமதமாகவே விழித்துக்கொள்கின்றன. ஒருமுறை சுளுக்கிய கால் திரும்பத் திரும்பச் சுளுக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கருவியால் அந்த உணர்வை ஏற்ற முடியாது, கால்தான் பழக வேண்டும் என்றார். ஆகவே ரப்பர் பட்டையில் பாதத்தை வெளிப்பக்கமாக இழுப்பது, படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை இறக்கி ஏற்றுவது, ஆடும் பலகையில் ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பிடிப்பது எனப் பயிற்சிகள் வாரத்துக்கு வாரம் கடினமாகிக்கொண்டே போயின. வீட்டில் பல் துலக்கும் நேரம் முழுவதும் வலது காலிலேயே நிற்க வேண்டும் என்பதும் அவர்கள் உத்தரவுதான்.

பத்து நாட்களாக ஐஸ் வைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னபோது, முதல் ஓரிரு நாளில் வலிக்காக வைப்பதில் தவறில்லை, அதற்கு மேல் அவசியமில்லை என்றார்கள். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற ‘ரைஸ்’ முறைக்கு 1978-இல் பெயர் சூட்டிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் எழுதினார் என்பது எனக்குச் செய்தி.

குறைகளும் உண்டு. மாலை நேரத்தில் முன்பதிவு செய்திருந்தாலும் நாற்பது நிமிடம் காத்திருக்க நேர்ந்தது. பயிற்சித்தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால், பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மா ஒருவருக்கு நான்தான் படித்துச் சொன்னேன். கயிறு கட்டும் கணுக்கால் பிரேஸ் அங்கே 1,800 ரூபாய். அதையே வெளியே 1,250-க்கு வாங்கினேன். முதல் நாள் 900, பிறகு வாரம் இருமுறையாக 13 நாட்களுக்குத் தலா 600 என ஏழு வாரத்தில் 8,700 ரூபாய் ஆனது. முதல் மையத்தைவிடச் செலவு அதிகம்தான். ஆனால் அங்கே இந்த அட்டை கிடைக்கவில்லை.

ஆறாவது வாரம் வலி முற்றிலும் போய்விட்டதால் ஆட அனுமதி கேட்டேன். ஒற்றைக் காலால் தாவச் சொன்னார்கள். இடது காலில் 130 சென்டிமீட்டர், வலது காலில் 107. நல்ல காலின் அளவில் 90 சதவீதமாவது எட்டாமல் களத்தில் இறங்கக் கூடாது என்று திருப்பி அனுப்பியபோது எரிச்சலாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் 121 தாண்டினேன். அன்றே கணக்கை முடித்து அனுப்பினார்கள், ‘இன்னும் ஐந்து நாள் வாருங்கள்’ என்று இழுக்கவில்லை. அடுத்த சில மாதங்களுக்கு ஆடும்போது மட்டும் பிரேஸ் அணியச் சொல்லியிருக்கிறார்கள்.

போகிறவர்கள் காலை ஏழு மணிக்கு முன்பதிவு செய்தால் காத்திருக்க வேண்டியதில்லை. அரைக்கால் சட்டை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். முதல் நாள் ஜீன்ஸோடு போய், முட்டியை மடக்கிக் காட்டுவதற்குள் நான் பட்ட பாடு போதும்.