விறகுக்கு ஆசைப்படாத ஆள் கிடைக்க எனக்கு ஐந்து வருஷம் ஆனது

எங்கள் வீடு தாம்பரம் பக்கம், சேலையூரில். அப்பா வைத்த மரங்கள் நான்கு: இரண்டு தென்னை, பின்பக்கம் ஒரு பங்கனபள்ளி மா, வாசலில் ஒரு வேம்பு. முருங்கையும் ஒன்று இருந்தது, 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அதை முடித்துவிட்டது. அதுவரை மரத்துக்கு ஆள் கூப்பிடுவது அப்பாவின் வேலை, அதற்கப்புறம் என் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து இன்றுவரை யாரை வைத்து என்ன செய்தேன், எங்கே ஏமாந்தேன் என்று எழுதுகிறேன்.

புயல் போன மூன்றாம் நாள், கரண்ட்கூட வரவில்லை, மாமரத்தின் ஒரு பெரிய கிளை பாதி பிளந்து காம்பவுண்ட் சுவர் மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது. மினி லாரியில் வந்த நான்கு பேர் கதவைத் தட்டி, "காசே வேணாம் சார், கட்டையை நாங்க எடுத்துக்கறோம்" என்றார்கள். அன்றைக்கு அது கடவுள் அனுப்பிய ஆள் மாதிரி இருந்தது. பிளந்த கிளையை வெட்டினார்கள், சரி. அதோடு எதிர்ப்பக்கம் நன்றாக இருந்த இரண்டு பருத்த கிளைகளையும் சேர்த்து வெட்டிவிட்டு, பேலன்ஸ் இல்லை என்றால் அடுத்த புயலில் சாய்ந்துவிடும் என்றார்கள். நானும் தலையாட்டினேன். அடியில் கீறல் போடாமல் மேலிருந்தே அறுத்ததால், கிளை விழும்போது தாய்மரத்துப் பட்டையை மூன்றடி நீளத்துக்கு உரித்துக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு மாதத்தில் பூக்க வேண்டிய மரம். அந்தக் கோடையில் மொத்தம் பதினோரு பழம். அப்புறம் வெட்டிய மொட்டைகளிலிருந்து விளக்குமாறு மாதிரி கொத்துக் கொத்தாகத் துளிர்த்தது. பார்க்கச் செழிப்பாக இருக்கும், ஆனால் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு வந்த கிளைகள்தான், காற்றடித்தால் முதலில் ஒடிவது அவையே. முருங்கையை ஒடித்து வளர்க்கச் சொன்ன ஊர்தான் இது, அதற்காக மாமரத்தையுமா?

அவர்கள் சும்மா வேலை செய்யவில்லை என்பது எனக்கு உறைக்க ஒரு வருஷம் ஆனது. கட்டைதான் கூலி என்றால் காய்ந்த சுள்ளியை எவன் வெட்டுவான்? பருத்த கிளையைத்தானே வெட்டுவான்.

இதே கதைதான் தென்னையிலும். காய் பறிக்க வந்தவர் மரத்துக்கு நாலு காய் கூலியாகக் கேட்டார், பழைய வழக்கம்தானே என்று விட்டேன். போகப் போகப் பார்த்தால் நெற்று குறைகிறது, வழுக்கை முற்றாத குலைகளும் கீழே வருகின்றன, இளநீர் வண்டிக்குப் போவதற்காக. அவரை நிறுத்திவிட்டு இன்னொருவரைப் பிடித்தால், அவர் காலில் தளைக்கயிறு போட்டு ஏறாமல் அரிவாளால் மரத்தில் படி வெட்டி ஏறினார். அந்தக் காயத்தின் வாசனைக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வரும், உள்ளே முட்டையிட்டால் புழு தண்டைக் குடைந்து குருத்தே சாயும். நல்ல வேளையாக எங்கள் மரத்தில் அது வரவில்லை. காயங்களைக் களிமண்ணால் பூசினேன், அடையாளம் இன்னும் இருக்கிறது.

2019-லிருந்து எல்லாவற்றுக்கும் காசுதான். இப்போது வரும் மரமேறி வந்தவாசிப் பக்கத்துக்காரர், மரத்துக்கு 150 ரூபாயில் ஆரம்பித்து இன்றைக்கு 300. இரண்டு மரம், வருஷத்துக்கு ஆறு தடவை, 3,600 ஆகிறது. அந்தக் காசுக்குக் கடையில் எத்தனை தேங்காய் வாங்கலாம் என்று வீட்டில் கேட்கிறார்கள், பதில் இல்லை. ஆனால் இவர் ஏறும் முன் ஐந்து நிமிஷம் அண்ணாந்து பார்ப்பார். பச்சை மட்டையில் கை வைக்க மாட்டார், காய்ந்ததையும் பன்னாடையையும் மட்டும் எடுப்பார். ஒரு தடவை விரிந்த ஓலை கத்தரியால் விசிறி மாதிரி வெட்டியதுபோல் இருப்பதைக் காட்டி, "காண்டாமிருக வண்டு சார், குருத்துக்குள்ளயே கடிச்சிருக்கு" என்று கம்பிக் கொக்கியால் இரண்டு வண்டை இழுத்துப் போட்டார். வண்டு எங்கிருந்து வருகிறது என்று தேடினால், மூலையில் நான் பெருமையாகச் சேர்த்துவைத்திருந்த சாணிக் குப்பைதான், உள்ளே கட்டைவிரல் தண்டிக்கு வெள்ளைப் புழுக்கள். குப்பையைக் காலி செய்தோம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து நடுக்குருத்தைச் சுற்றிய மட்டை இடுக்குகளில் மரத்துக்கு 150 கிராம் போடுகிறார். வண்டு ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது.

மாமரத்தைச் சரிசெய்ய 2021-ல் ஒரு நர்சரிக்காரர் மூலம் வந்தவர்தான் இதுவரை எனக்குக் கிடைத்ததில் நல்ல ஆள். முதல் கேள்வியே "எதுக்கு சார் வெட்டணும்?" நான் மே மாதத்தில் கூப்பிட்டேன், பழம் இறங்கட்டும் என்று ஜூலையில்தான் வந்தார். கிளையில் ஓரடி தள்ளி அடிப்பக்கம் ஒரு அறுப்பு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு அறுப்பு, பாரம் இறங்கிய பிறகு மிச்சத்தைத் தாய்மரத்தோடு சேரும் புடைப்பை ஒட்டி, புடைப்பைத் தொடாமல் எடுத்தார். பட்டை ஒரு விரற்கடைகூட உரியவில்லை. வெட்டிய இடத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க போர்டோ பசை: மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர் கணக்கில் கரைத்தது. பழைய காயத்துப் பக்கம் மரத்தூள் கொட்டிய ஓட்டைகளில் கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி, மருந்து நனைத்த பஞ்சை வைத்துக் களிமண்ணால் அடைத்தார். உதவியாளோடு 3,500 ரூபாய். கட்டை வேண்டாம் என்று விட்டுப் போய்விட்டார், அதை அப்புறப்படுத்துவது தனி வேலை, கடைசியில் ஒரு கல்யாணச் சமையல்காரர் எடுத்துப்போனார்.

வேம்பில் அவர் கத்தியே எடுக்கவில்லை. 2022 மழைக்குப் பிறகு நுனியெல்லாம் கருகி மரமே செத்தமாதிரி நின்றது, பார்த்தவர்களெல்லாம் வெட்டச் சொன்னார்கள். இது பூஞ்சை நோய், கோடையில் துளிர்க்கும், பொறுங்கள் என்றார். பதிலாக நாங்கள் அடிமரம் வரை போட்டிருந்த சிமெண்ட் தரையைச் சுற்றிலும் மூன்றடிக்கு உடைக்கச் சொன்னார். துளிர்த்தது. அடுத்த மழைக்கு மறுபடி கொஞ்சம் கருகியது, மறுபடி துளிர்த்தது.

குறையும் உண்டு. போன் எடுக்க மாட்டார். ஐப்பசி பிறந்தால் ஊரெல்லாம் புயல் பயத்தில் கூப்பிடும், ஆளே கிடைக்க மாட்டார், அதனால் ஆடியிலேயே சொல்லிவைத்துவிடுகிறேன். வேம்பின் ஒரு கிளை ஈ.பி. லைனை உரசியதற்கு, லைன்மேன் வந்து கரண்டை நிறுத்தாமல் ஏற மாட்டேன் என்று இரண்டு நாள் காக்கவைத்தார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் முன்பு ஒருவர் ஈர மூங்கிலோடு அதே லைன் பக்கம் போனதைப் பார்த்தவன் நான்.

மரமேறிக்கு இப்போது முழங்கால் வலி, மகன் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறான். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-லிருந்து இயந்திரத்தில் ஏறப் பயிற்சி கொடுக்கிறது, அதைக் கேள்விப்பட்டு, பயிற்சிக்குப் போகாமல் இயந்திரத்தை மட்டும் வாங்கினேன். பத்தடிக்கு மேல் எனக்குக் கால் நடுங்குகிறது. ஷெட்டில்தான் கிடக்கிறது. சேலையூர் பக்கம் ஏறத் தெரிந்தவர் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம், பெடல் கொஞ்சம் துருப்பிடித்திருக்கும்.